தூந்திரா: மரம் வளராத குளிர் நிலமும் நாமும்

மார்கழி பிறந்துவிட்டால் குப்பம் பகுதியில் விடியற்காலையில் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது. பால் ஊற்றுகிறவர் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வருகிறார். பாட்டிமார் கம்பளியை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் காபிக்குக் காத்திருக்கிறார்கள். பதினைந்து டிகிரி குளிருக்கே நாம் இவ்வளவு நடுங்குகிறோம். ஆனால் குளிர்காலத்தில் பூஜ்யத்துக்குக் கீழே முப்பது, நாற்பது டிகிரி வரை போகும் இடங்களிலும் செடி பூக்கிறது, பறவை குஞ்சு பொரிக்கிறது, மனிதர் குடும்பம் நடத்துகிறார்கள். அந்த நிலத்துக்குத் தூந்திரா என்று பெயர். தெலுங்கு வழியிலும் ஆங்கில வழியிலும் படிக்கும் நம் பிள்ளைகள் இதை 'டண்ட்ரா' என்று புவியியல் பாடத்தில் படிக்கிறார்கள். தேர்வுக்காக நான்கு வரி மனப்பாடம் செய்துவிட்டு மறந்தும் விடுகிறார்கள். அதையே நம் தாய்மொழியில் சற்று விரிவாகப் பார்ப்போம். இந்த நிலத்துக்கும் நமக்கும் உள்ள தொடர்பு நாம் நினைப்பதைவிட நெருக்கமானது என்பதும் அப்போது விளங்கும்.

பெயரும் இடமும்

ஒரே வகையான தட்பவெப்பத்தில் ஒரே வகையான செடிகொடிகளும் விலங்குகளும் பெரும் பரப்பில் சேர்ந்து வாழ்ந்தால் அதைப் பல்லுயிர்த் தொகுதி என்கிறோம். பாலைவனம், மழைக்காடு, புல்வெளி ஆகியவை இத்தகைய தொகுதிகள். இவற்றுள் மிகவும் குளிர்ந்தது தூந்திரா. ஐரோப்பாவின் வடகோடியில் வாழும் சாமி இனத்தாரின் மொழியில் மரமற்ற மேட்டுநிலத்தைக் குறிக்கும் சொல் ரஷ்ய மொழிக்கு வந்து, அங்கிருந்து உலகமெங்கும் பரவியது.

வட துருவப் பெருங்கடலைச் சுற்றி ஒரு வளையம் போலத் தூந்திரா அமைந்துள்ளது. ரஷ்யாவின் சைபீரியா, அமெரிக்காவின் அலாஸ்கா, கனடாவின் வடபகுதி, கிரீன்லாந்தின் கரையோரம், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகள் ஆகியவை இதில் அடங்கும். இங்கே மிகவும் வெப்பமான மாதத்தில்கூடச் சராசரி வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸைத் தாண்டுவதில்லை. செடிகள் வளரக் கிடைக்கும் காலம் ஆண்டுக்கு 50 முதல் 60 நாட்கள்தாம். ஒரு ராகிப் பயிர் விளைவதற்கு வேண்டிய காலம்கூட இல்லை.

மழை குறைவு, ஆனால் எங்கும் சேறு

தூந்திராவில் பனியையும் சேர்த்து ஆண்டுக்கு 150 முதல் 250 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதாவது, நம் பகுதியில் பெய்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. அப்படியானால் அது பாலைவனமாகத்தானே இருக்க வேண்டும்? ஆனால் கோடையில் அங்கே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் குளமும் குட்டையும் சேறுமாகக் கிடக்கும். நம் ஊரிலோ அதைப்போல் மும்மடங்கு மழை பெய்தும் ஏரிகள் வறண்டு, ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு போட்டும் தண்ணீர் கிடைக்காமல் தவிக்கிறோம். காரணம் என்ன?

அங்கே மண்ணுக்கு அடியில் நிலைத்த உறைபனி இருக்கிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேல் உருகாமல் உறைந்தே கிடக்கும் நிலத்துக்கு இப்பெயர். சைபீரியாவின் சில இடங்களில் இது ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை செல்கிறது. கோடையில் மேலே உள்ள ஒரு முழமோ இரண்டு முழமோதான் இளகும். இதனை இயங்கு அடுக்கு என்பர். இதன் கீழே உள்ள உறைந்த மண் சிமெண்டுத் தரை போன்றது. உருகிய நீர் கீழே இறங்க வழியில்லை. குளிரினால் ஆவியாவதும் குறைவு. ஆகவே நீர் தேங்கிவிடுகிறது.

மரம் ஏன் இல்லை என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. மரம் நிற்க ஆழமான வேர் வேண்டும். வேர் இறங்க இடமில்லை. கட்டை வளர நீண்ட கோடை வேண்டும். அதுவும் இல்லை. உயர்ந்து நின்றால் பனிக்காற்று அதன் மொட்டுகளைக் கருக்கிவிடும்.

தாழ்ந்து வாழும் செடிகள்

காற்றை எதிர்த்து நிற்க முடியாத இடத்தில் தரையோடு தரையாகப் படர்ந்து வாழ்வதே வழி. துருவ வில்லோ ஒரு மரவகைதான். ஆனால் அது சில அங்குல உயரத்துக்கு மேல் எழுவதில்லை. சில செடிகள் இலைகளை நெருக்கமாக அடுக்கிக்கொண்டு ஒரு திண்டு போலக் குவிந்திருக்கும். அந்தத் திண்டுக்குள்ளே வெளிக்காற்றைவிடப் பல டிகிரி சூடு அதிகம். துருவப் பாப்பிப் பூ ஒரு கிண்ணம் போன்றது. அது சூரியனைப் பார்த்தே திரும்பிக்கொண்டிருக்கும். வெயில் கிண்ணத்துக்குள் குவிவதால் பூவின் நடுப்பகுதி சூடாகும். குளிர்காய வரும் பூச்சிகள் மகரந்தத்தையும் சுமந்து செல்லும்.

பாறைகளிலும் தரையிலும் எங்கும் காணப்படுவது லைக்கன். இது காளானும் பாசியும் கூட்டுக்குடித்தனம் நடத்தும் ஓர் உயிர். பாசி வெயிலைக் கொண்டு உணவு சமைக்கிறது. காளான் நீரையும் இருப்பிடத்தையும் தருகிறது. இது நமக்குப் புதிதல்ல. குருமாவிலும் பிரியாணியிலும் வாசனைக்குப் போடுகிறோமே கல்பாசி, தெலுங்கில் ராதிபுவ்வு, அதுவும் ஒரு லைக்கன்தான். தூந்திராவில் இதன் உறவு ஒன்றைத் தின்றுதான் ரெயின்டீர் எனப்படும் துருவமான் குளிர்காலத்தைத் தள்ளுகிறது. ஆனால் இந்த லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டரே வளரும். ஒருமுறை சக்கர வண்டி ஏறி நசுங்கிய இடம் மீண்டும் பசுமையாகப் பல பத்தாண்டுகள் ஆகும்.

விலங்குகளும் மனிதரும்

குளிரை வெல்ல உயிர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கனத்த போர்வை. துருவமானின் மயிர் உள்ளீடற்றது; உள்ளே அடைபட்ட காற்று உடற்சூட்டைக் காக்கிறது. கஸ்தூரி எருதின் நீண்ட மயிருக்கு அடியில் மெல்லிய கம்பளி வேறு இருக்கிறது. துருவ நரிக்குப் பாதத்தின் அடியிலும் மயிர் உண்டு. சூடு வெளியேறாதபடி காதுகள் சிறுத்திருக்கும். கோடையில் பழுப்பாக இருக்கும் தோல் குளிர்காலத்தில் வெள்ளையாகிவிடும்.

இரண்டாவது வழி, பனிக்கு அடியில் ஒளிவது. லெம்மிங் என்னும் சிற்றெலி குளிர்காலம் முழுவதும் பனிப்படலத்தின் கீழே வளைகளில் ஓடியாடி, வேரும் பாசியும் தின்று, குட்டியும் போடுகிறது. வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் பனிக்கு அடியில் குளிர் குறைவு. மூன்றாவது வழி, ஊரை விட்டே போய்விடுவது. பெரும்பாலான பறவைகள் இதைத்தான் செய்கின்றன.

மனிதரும் பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே வாழ்கின்றனர். கனடாவிலும் கிரீன்லாந்திலும் இன்யூட் மக்கள், வட ஐரோப்பாவில் சாமி மக்கள், சைபீரியாவின் யமால் தீபகற்பத்தில் நெனெட்ஸ் மக்கள் வாழ்கிறார்கள். பழைய பாடநூல்களில் எஸ்கிமோக்கள் என்று படித்திருப்போம்; இன்யூட் என்பதே அவர்கள் தம்மைக் குறிக்கும் பெயர். இக்ளு என்னும் பனிக்கட்டி வீடு பெரும்பாலும் வேட்டைக்குப் போகும்போது கட்டும் தற்காலிகக் குடில்தான். நெனெட்ஸ் மக்கள் துருவமான் மந்தைகளை ஓட்டிக்கொண்டு ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடம் பெயர்கின்றனர். ஆட்டுக் கிடை போட்டு ஊர் ஊராகச் செல்லும் நம் பக்கத்துக் கீதாரிகளை எண்ணிக்கொண்டால் அவர்கள் வாழ்க்கை எளிதில் புரியும்.

மலை ஏறினால் வடக்கே போனது போல

தூந்திராவைக் காண வட துருவம்தான் போக வேண்டும் என்பதில்லை. தரையிலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. குப்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில் இருப்பதால்தான் சென்னையிலிருந்து வரும் உறவினர் நம் வீட்டில் இரவில் போர்வை கேட்கின்றனர். உதகமண்டலம் 2,240 மீட்டர். அங்கே நம்மைவிட ஏறத்தாழ பத்து டிகிரி குறைவு. இமயமலையில் சுமார் 3,500 மீட்டருக்கு மேல் மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே பனிக்கோடு வரை உள்ள நிலத்தை மலைத் தூந்திரா என்பர். உத்தராகண்டில் இந்தப் புல்வெளிகளுக்குப் புக்யால் என்று பெயர். புகழ்பெற்ற பூக்களின் பள்ளத்தாக்கில் கோடையில் பூப்பவையும் பெரும்பாலும் இத்தகைய குளிர்நிலச் செடிகளே.

லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் சாங்பா என்னும் இடையர்கள் வாழ்கின்றனர். அவர்கள் வளர்க்கும் ஆடுகளுக்குக் கடுங்குளிரில் மேல்மயிருக்கு அடியில் 12 முதல் 15 மைக்ரான் மட்டுமே தடிப்புள்ள மென்மயிர் முளைக்கிறது. அதுவே பஷ்மினா. மெல்லிய தன்மையில் நம் பட்டு நூலிழைக்குப் பக்கத்தில் வரக்கூடியது. குளிர் குறைந்தால் அந்த மயிரும் குறையும். ஆகவே குளிரே அவர்களுக்குச் சோறு போடுகிறது. இமயத்துக்கும் துருவத்துக்கும் வேறுபாடும் உண்டு. இங்கே ஆண்டு முழுவதும் பகலும் இரவும் நாள்தோறும் மாறி வரும். சரிவான நிலமாதலால் நீர் தேங்குவதும் குறைவு.

நம் நீலகிரியில் தூந்திரா இல்லை. ஆனால் அதன் பாடம் ஒன்று அங்கே இருக்கிறது. மலையுச்சிப் பகுதியில் பள்ளங்களில் சோலைக்காடும் மேட்டுச் சரிவுகளில் புல்வெளியும் அடுத்தடுத்து இருக்கும். மார்கழி, தை இரவுகளில் திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக்கன்றுகளைக் கருக்கிவிடுவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே பூக்கும் சிவப்பு நிறக் காட்டுப்பூவரசின் நெருங்கிய உறவு இமயமலையிலும் காணப்படுகிறது. சாண்டிநல்லாவின் சதுப்பு மண்ணைத் தோண்டி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இரா. சுகுமாரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1993-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், சுமார் இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், நீலகிரி வறண்டு புல்வெளி பரந்திருந்தது என்பதை மக்கிய செடிகளின் கரியைக் கொண்டே அவர்கள் கண்டறிந்தனர். சதுப்பு மண் பழைய கணக்குப் புத்தகம் போன்றது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மரமில்லாத நிலம் வீண் நிலம் என்று எண்ணிய ஆங்கிலேயர் நீலகிரிப் புல்வெளிகளில் சீகை மரங்களையும் தைல மரங்களையும் நட்டனர். அதனால் வரையாடு மேயும் புல்வெளி பெருமளவு அழிந்தது. மரம் இருப்பதெல்லாம் நல்ல நிலம், இல்லாததெல்லாம் தரிசு என்ற எண்ணம் எவ்வளவு தவறு என்பதற்கு இது சான்று.

பழவேற்காட்டுக்கு வரும் விருந்தாளிகள்

இப்போது நம் வாசலுக்கு வருவோம். திருப்பதி மாவட்டத்தின் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையைத் தொட்டுக்கொண்டு பழவேற்காடு ஏரி இருக்கிறது. தெலுங்கில் புலிகாட். குளிர்காலத்தில் சூலூர்ப்பேட்டைப் பக்கம் பூநாரைகளைப் பார்க்க எல்லாரும் போகிறோம். நெட்டையான பூநாரையையே பார்த்துவிட்டு, சேற்றில் குடுகுடுவென்று ஓடி இரை பொறுக்கும் சின்னஞ்சிறு உள்ளான்களைக் கவனிக்காமல் திரும்பிவிடுகிறோம்.

அவற்றுள் கொசு உள்ளான் முப்பது கிராம்கூட இராது. ஒரு சிறிய எலுமிச்சம்பழத்தின் எடை. அலகு கீழ்நோக்கி வளைந்த மற்றோர் உள்ளானும் உண்டு; அதை வளைமூக்கு உள்ளான் என்பர். இவை இரண்டும் பிறந்த ஊர் சைபீரியத் தூந்திரா. கோடையில் அங்கே சூரியன் மறைவதில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் இரை தேடலாம். தேங்கிய நீரில் கொசுவும் புழுவும் கோடிக்கணக்கில் உற்பத்தியாகும். அதனால்தான் அவ்வளவு தூரம் பறந்து போய் முட்டையிடுகின்றன. கோடை முடிந்ததும் பழவேற்காடு, கோடியக்கரை முதலிய நம் கரைகளுக்குத் திரும்பி வருகின்றன.

இவற்றின் வாழ்வு லெம்மிங் எலியோடு பிணைந்திருப்பது வியப்பான செய்தி. லெம்மிங்குகள் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிப் பின் சரிகின்றன. பெருகிய ஆண்டில் துருவ நரி எலியைத் தின்று வயிறு நிறைகிறது. உள்ளான் குஞ்சுகள் தப்பிக்கின்றன. சரிந்த ஆண்டில் நரி குஞ்சுகளைத் தின்றுவிடுகிறது. வளைமூக்கு உள்ளான்கள் குளிர்காலத்தில் போய்ச் சேரும் தென்னாப்பிரிக்கக் கரையில் பல ஆண்டுகள் கணக்கெடுத்தவர்கள், இளம் பறவைகளின் எண்ணிக்கை இந்த எலிக் கணக்கோடு ஏறி இறங்குவதைக் கண்டனர். எங்கேயோ பனிக்கு அடியில் ஓடும் எலி, வெப்பநாட்டுக் கடற்கரையில் எத்தனை பறவை நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது.

வளைமூக்கு உள்ளான்கள் உலக அளவில் குறைந்து வருகின்றன. 2024-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இவற்றை அழிவாய்ப்புள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. பிறந்த வீடு சூடாகிறது. புகுந்த வீடான சதுப்புக் கரைகளோ சுருங்கி வருகின்றன. இரண்டு பக்கமும் இடம் போனால் பறவை எங்கே போகும்?

உறைபனி உருகினால்

வட துருவப் பகுதி 1979 முதல் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடாகி வருவதாக 2022-இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. இதன் விளைவுகளை அங்குள்ள மக்கள் கண்கூடாகக் காண்கின்றனர்.

2013 நவம்பரில் யமாலில் பனிக்குப் பதில் மழை பெய்து, பின் உறைந்து, தரை முழுவதும் கண்ணாடி போன்ற பனிக்கட்டியானது. அதன் அடியிலிருந்த லைக்கனைத் துருவமான்களால் கிளற முடியவில்லை. ஏறத்தாழ 61,000 மான்கள் பட்டினியால் மடிந்தன.

2016 கோடையில் அதே யமாலில் ஆந்த்ராக்ஸ் நோய் வந்தது. மாடு வளர்க்கும் நம்மவர் இதை அடைப்பான் என்பர். உறைந்த மண்ணில் பல ஆண்டுகளுக்கு முன் புதைந்த மான் உடலிலிருந்த நோய்க்கிருமி, மண் இளகியதும் வெளிவந்தது என்று அறிவியலார் கருதுகின்றனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மான்களும் ஒரு சிறுவனும் இறந்தனர். அடைப்பான் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். நம் ஊரிலும் இந்நோயால் இறந்த கால்நடையை அறுக்கக்கூடாது, கால்நடை மருத்துவரிடம் சொல்லிச் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதைக்க வேண்டும் என்பது இதனால்தான்.

2020 மே மாதம் சைபீரியாவின் நொரில்ஸ்க் நகருக்கு அருகே ஒரு டீசல் தொட்டி சரிந்து, இருபதாயிரம் டன்னுக்கும் அதிகமான டீசல் ஆற்றிலும் மண்ணிலும் கலந்தது. தொட்டியைத் தாங்கிய உறைபனி நிலம் இளகியதே காரணம் என்று கூறப்பட்டது. அங்கே வீடுகளைத் தூண்கள்மேல் உயர்த்திக் கட்டுவதும் இதற்காகவே. வீட்டுச் சூடு தரையில் இறங்கினால் அடித்தளமே குழைந்துவிடும்.

இவை அங்குள்ளோர் கவலை என்று நாம் இருந்துவிட முடியாது. நிலைத்த உறைபனி என்பது ஒரு பெரிய குளிர்சாதனப் பெட்டி. பல்லாயிரம் ஆண்டுகளாக மடிந்த செடிகள் அதில் மக்காமல் கிடக்கின்றன. 2012-இல் ரஷ்ய அறிவியலார் சுமார் 32,000 ஆண்டுகளுக்கு முன் உறைந்துபோன ஒரு காயின் திசுவிலிருந்து செடி வளர்த்துப் பூக்கவே செய்தனர். அந்தக் குளிர்பெட்டியில் அடங்கியுள்ள கரியின் அளவு ஏறத்தாழ ஒன்றரை லட்சம் கோடி டன். இது இன்று காற்று மண்டலத்தில் உள்ளதைப்போல் சுமார் இரு மடங்கு. மின்சாரம் போன குளிர்பெட்டியில் வைத்த பண்டம் என்ன ஆகும்? மண் இளகினால் நுண்ணுயிர்கள் செடிகளை மக்கச் செய்து, கரியமில வாயுவாகவும் மீத்தேனாகவும் வெளியேற்றும். அவ்வாயுக்கள் பூமியை மேலும் சூடாக்கும். காற்றுக்கு மாநில எல்லையும் இல்லை, நாட்டு எல்லையும் இல்லை. மழையையே நம்பியிருக்கும் பாலாற்றுப் படுகையில் வாழும் நமக்கு இதில் பங்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்?

அங்கே ஓர் இந்திய வீடு

நம் நாடு இதை உணர்ந்தே செயல்படுகிறது. ஸ்வால்பார்டில் நீ ஒலேசுண்ட் என்னும் சிற்றூரில், வட துருவத்திலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவில், 2008 ஜூலை 1 அன்று ஹிமாத்ரி என்னும் இந்திய ஆய்வு நிலையம் திறக்கப்பட்டது. முன்பு நிலக்கரிச் சுரங்க ஊராக இருந்த இடம் அது. 2014-இல் அங்குள்ள கடற்கழியில் இந்தார்க் என்னும் கருவித் தொகுதி நீருக்கடியில் நிறுத்தப்பட்டது. துருவக் குளிருக்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பும் அங்கே ஆராயப்படும் பொருள்களில் ஒன்று. 2023 டிசம்பரில் முதன்முறையாகக் குளிர்கால ஆய்வுக் குழுவும் அங்கே அனுப்பப்பட்டது. அக்டோபர் இறுதி முதல் பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியனே உதிக்காத ஊர் அது. நம் பிள்ளைகளில் ஒருவர் நாளை அங்கே பணியாற்றக் கூடாதா என்ன?

செய்து பாருங்கள்

இரண்டு டப்பாக்களின் அடியில் சிறு துளைகள் இட்டு ஈரமண் நிரப்புங்கள். ஒன்றை ஃப்ரிட்ஜின் உறைபெட்டியில் ஓர் இரவு வையுங்கள். காலையில் இரண்டின் மேலும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். எதில் தண்ணீர் இறங்குகிறது, எதில் தேங்குகிறது என்று பாருங்கள். தூந்திராச் சதுப்பின் இரகசியம் உங்கள் கையில் இருக்கும்.

மாணவர்களுக்குச் சில வினாக்கள்

1. மழை குறைந்த தூந்திராவில் நீர் தேங்குவதும், மழை அதிகமுள்ள நம் ஊரில் ஏரி வறள்வதும் ஏன்?

2. கல்பாசிக்கும் துருவமானின் உணவுக்கும் உள்ள உறவு என்ன?

3. லெம்மிங் எலி குறைந்தால் பழவேற்காட்டில் எந்தப் பறவை குறையக்கூடும்? ஏன்?

4. துருவத் தூந்திராவுக்கும் மலைத் தூந்திராவுக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகளைக் கூறுக.

5. உறைபனி உருகுவது குப்பத்தில் உள்ளவர்களையும் ஏன் பாதிக்கும்?

விடைகளைப் பெற்றோர் பிள்ளைகளோடு அமர்ந்து தமிழிலேயே பேசிப் பார்க்க வேண்டும் என்பது வேண்டுகோள். அடுத்த முறை பூநாரை பார்க்கப் பழவேற்காடு போகும்போது, சேற்றில் ஓடும் அந்தச் சிறு உள்ளானையும் சற்று நின்று பாருங்கள். அது தூந்திராவிலிருந்து நம் ஊருக்கு வந்திருக்கும் விருந்தாளி.